டிரெய்னர் மேடம் வீட்டுக்காரர்

ஒடோய் தேறவில்லை என்ற செய்தி ஒடோய்க்கு முன்னால் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. டெமா துறைமுகத்து ஷிஃப்ட் பஸ் அஷைமான் சந்தை முனையில் ஆளிறக்கிவிட்டுப் போன கையோடு புளித்த சோளமாவு உருண்டையான கென்கே விற்கிற என் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். அன்றும் அப்படித்தான். சோளத்தோலை உரித்து, உருண்டையை இரண்டாகப் பிளந்து, பொரித்த மீனும் மிளகாய் அரைப்பும் வைத்து நீட்டுவதற்குள் ஒருவன் ஆரம்பித்தான்.

"குவார்லே அக்கா, உங்க முற்றத்துல இன்னைக்கு அடுப்பு எரியாது பாருங்க. டிரெய்னர் மேடம் சொந்தப் புருஷனையே ஃபெயில் ஆக்கிட்டாங்க."

"யாரு, எசினமா? நம்ம ஒடோயையா?"

"ஆறு பேரு கிரேன் ஏறுனாங்க. அஞ்சு பேரு பாஸ். அவங்க வீட்டுக்காரர் மட்டும் எறங்கி வந்துட்டாரு."

பக்கத்தில் நின்றவன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான்: "எம் பொண்டாட்டி மட்டும் அப்படிப் பண்ணியிருந்தா, அந்தக் கிரேனோட போய்க் கடல்ல எறங்கியிருப்பேன்."

"நீ எங்க ஏறப் போற? பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறுனாலே உனக்குத் தலை சுத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எசினமும் ஒடோயும் இருப்பது என் அறைக்கு அடுத்த அறை. எங்கள் முற்றத்தில் சுவருக்குச் சுவர் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வதக்கினால் மற்ற வீடுகளில் தும்முவோம். ஒரு வீட்டில் சண்டை என்றால் மற்ற வீடுகளில் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைப்போம்.

எசினம் கேட்டா ஊர்ப் பக்கத்து ஏவே இனத்துப் பெண். மெல்லிய உடம்பு. துறைமுகத்துக்குப் பெட்டிகளின் நம்பரைக் குறிக்கிற வேலைக்குத்தான் வந்தாள். கன்டெய்னர்களை அடுக்குகிற கிரேனில் ஒரு நாள் ஆள் குறைந்தபோது, நான் ஏறிப் பார்க்கிறேன் என்று ஏறினவள் அப்புறம் இறங்கவேயில்லை. மேலே கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டு. காலடியில் பார்த்தால் மனிதர்கள் எறும்புகள். அந்தக் கூண்டில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிற டிரெய்னர் ஆனாள்.

மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். சீருடையின் நிறம் மாறியது. ஆனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் உட்காருகிற விதமும், பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கிற விதமும் எசினத்தின் விதமாகவே இருந்தன. அதை நானே பார்த்திருக்கிறேன். என் கடையில் மிளகாய்க் கிண்ணத்தைக் கைமாற்றும்போதுகூட, மற்றவன் பிடித்துக்கொண்டான் என்று தெரிந்த பிறகுதான் கையை விடுவார்கள். மாதா கோவிலில் அவள் நுழைந்தால் நாலு பெஞ்சில் நாலு தடியன்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஒடோய் அதைப் பார்த்துச் சிரிப்பான். "வீட்டுல எனக்கு ஒரு ஸ்டூல்தான் இருக்கு, அதையும் இவதான் எடுத்துக்கிறா" என்பான்.

அவன் சிரித்தால் முற்றத்துத் தகரம் அதிரும். டெமா நியூடவுன் மீனவக் குடும்பத்து, கா இனத்துப் பையன். கடலுக்குப் போகாமல் கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் ஓட்டப் போனவன். புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, யாரும் கேட்காமலே தொழில் சொல்லிக்கொடுப்பான். அந்த வருஷம் கம்பெனியில் டிரெய்லர்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கிரேன் தெரிந்தவனுக்குத்தான் இனி நிலையான வேலை, மற்றவர்கள் வாசலில் நின்று கூப்பிட்ட நாளைக்குப் போகவேண்டியதுதான் என்றார்கள். டிரெய்லர்காரர்களில் ஆறு பேரைக் கிரேன் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒடோய் அதில் ஒருவன். அவனோடு, வடக்கே போல்கட்டாங்காவிலிருந்து வந்த லமிசி என்ற பெண்ணும்.

எசினம் மேனேஜரிடம் போய், "என் வீட்டுக்காரருக்கு நான் பரீட்சை வைக்கக் கூடாது சார், குவேய் வைக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். குவேய் இன்னொரு டிரெய்னர். அவர் அப்போது டாகோராடித் துறைமுகத்துக்குப் போயிருந்தார். மேனேஜர், "கப்பலுங்க வரிசையில நிக்குது, குவேய்க்காகக் காத்திருக்க முடியாது, நீயே வை" என்றுவிட்டார். வைத்தாள். அதன் பலன்தான் அன்று முற்றத்துக்கு வந்தது.

ஒடோய் உள்ளே வந்தபோது அவன் தலைமுடி, புருவம் எல்லாம் ஹர்மத்தான் என்கிற வறண்ட காற்றின் தூசி. அந்தக் காற்றுக் காலத்தில் உதடு வெடிக்கும், கதவுகள் சுருங்கி அடி வழியாக வெளிச்சம் வரும். எசினம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் செலா தரையில் கோடு கிழித்து நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். நான் மறுநாளைக்கான சோளத்தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பெட்டி எங்க போய் உக்காந்துச்சு?" என்றான் ஒடோய். வந்ததும் வராததுமாக, நின்றபடியே. "சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"உக்கார வேண்டிய எடத்துல" என்றாள் எசினம்.

"ஒரு விரல் தள்ளியிருந்துச்சா?"

"இல்ல. அந்த அஞ்சு பேரை விடவும் நீதான் நல்லா எறக்குன."

"கேட்டுக்கங்க குவார்லே அக்கா! இவளே சொல்றா. நல்லா எறக்குனவன் ஃபெயிலாம்."

"நான் நிறுத்துன்னு சொன்னேன். நீ நிறுத்தல."

"எதுக்கு நிறுத்தணும்? கீழே ஒரு பூனைகூட இல்ல. கண்ணாடி வழியா நான் பாத்துட்டேன்."

"ஒண்ணும் இல்லதான். சும்மாதான் சொன்னேன். ஆறு பேருக்கும் சும்மாதான் சொன்னேன். அஞ்சு பேரு நின்னாங்க."

"அவங்களுக்கு நீ மேடம்."

"உனக்கு?"

எசினம் கையிலிருந்த சோப்பு நுரையை உதறிவிட்டு எழுந்தாள்.

"டிரெய்லருக்குப் பின்னால ஒருத்தன் குனிஞ்சு பெட்டிக்குப் பூட்டு மாட்டிட்டு இருப்பான், ஒடோய். உன் கண்ணாடியில அவன் தெரிய மாட்டான். அவனுக்கும் உன்னைத் தெரியாது. கீழ ஒரு குரல் இருக்கு, அது சொன்னா மேல இருக்கிறவன் நிப்பான். அதை நம்பித்தான் அவன் குனியிறான்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? அந்தக் கிரேனுக்கு அடியில டிரெய்லரை நிறுத்திட்டு உக்காந்திருக்கிறவனே நான்தான்."

"அப்ப உனக்கு இன்னும் நல்லாத் தெரியணும்."

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். காற்றில் சுருங்கின கதவு சரியாகச் சாத்தாமல் திரும்பித் திறந்துகொண்டது. இன்னொரு தடவை சாத்தினான். அது இன்னொரு தடவை திறந்தது. செலா சிரித்துவிட்டாள். எசினம் அவள் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

அன்றிலிருந்து ஒடோய் எசினத்தின் பானையில் கை வைக்கவில்லை. சாயங்காலம் நேராக என் கடைக்கு வருவான், கென்கே வாங்குவான், முற்றத்து வேப்பமரத்தடியில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து தின்பான். அவன் கோபத்தால் என் வியாபாரம் கூடியது என்றாலும் எனக்கு அது இறங்கவில்லை. எதிரே எசினம் பனைக்கொட்டைக் குழம்பு வைப்பாள். நண்டு போட்டு, புகை மீன் கிள்ளிப் போட்டு. அந்த வாசனை குழாயடியைத் தாண்டி, மரத்தைச் சுற்றிக்கொண்டு வரும். ஒடோய் வெறும் மிளகாயைத் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவான்.

"ஏம்ப்பா, கண்ணை மூடிட்டா மூக்கும் மூடிக்குமா?" என்று கேட்டேன்.

"உங்க கென்கே நல்லாத்தான் இருக்கு அக்கா."

"என் கென்கேயைப் பத்தி உங்கிட்ட யாரு கேட்டா?"

செலாதான் இரண்டு பக்கத்துக்கும் தூது. "அம்மா, அப்பாவோட நீலச் சட்டை எங்கேன்னு அப்பா கேக்கச் சொன்னார்." "கொடியில காயுதுன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு.

விஷயம் நியூடவுனுக்கும் எட்டிவிட்டது. ஒடோயின் அக்கா டெடே ஒரு காலை நேரத்தில் தலையில் மீன் கூடையோடு முற்றத்துக்குள் நுழைந்தாள். மீனைப் புகைபோட்டு விற்கிறவள். அவள் வருவதற்கு முன்னால் அவள் வாசனை வரும், அதற்கும் முன்னால் அவள் குரல் வரும். எசினம் ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரை முழுதும் குடிக்காமல் வந்த காரியத்தைச் சொல்வது எங்களிடம் மரியாதையில்லை. டெடே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஏவேப் பொண்ணு, கையில சுத்தம் இருக்கும், மனசுல கணக்கு இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன். என் தம்பி கேக்கல. ஏண்டி, ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் பாஸ் குடுக்கிறே. வீட்டுல படுக்கிறவனுக்குக் குடுத்தா உன் பேனா தேஞ்சா போயிடும்?"

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கெட்டுப்போன மீனைப் புகை போட்டு நல்ல மீனோட கலந்து விப்பீங்களா?"

"எவ சொன்னா அப்படி? டெமா முழுக்கப் போய்க் கேளு. என் மீனை மோந்து பாக்காம வாங்குவாங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

டெடே ஒரு கணம் யோசித்தாள். அவள் முகம் கறுத்தது. "அப்ப என் தம்பி கெட்டுப்போன மீனுங்கிறியா?"

எசினம் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். துறைமுகத்தில் அத்தனை பேரை அடக்குகிறவள் அன்று ஒரு மீன்காரியிடம் தோற்றாள். டெடே அதை வைத்தே வெயில் ஏறும் வரை பேசினாள். போகும்போது தம்பிக்கென்று ஒரு பொட்டலம் மீனை என் கையில் கொடுத்துவிட்டு, "இதை அவ பானையில போட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எசினத்துக்கு விடுமுறை. என்னோடு உட்கார்ந்தாள். நான் புளித்த மாவில் பாதியை உப்புப் போட்டு அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தேன். கெட்டியாகிக்கொண்டே வருகிற அந்த மாவைக் கிண்டத் தோளில் பலம் வேண்டும். அவள் துடுப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜர் நேத்தும் கூப்பிட்டு அனுப்பினார் அக்கா."

"என்னவாம்?"

"ஆறு பேரு வேணுமாம். வெளியில கப்பல் காத்து நிக்குதாம். உன் வீட்டுக்காரர்தானே, போட்டு விடு, யாரும் கேக்க மாட்டாங்கங்கிறார். அதுதான் சார் ஆபத்து, யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. அப்புறம், ஒடோய் ஓட்டுறப்ப நீங்க கீழே போய் நிப்பீங்களான்னு கேட்டேன். டையைச் சரி பண்ணிக்கிட்டார்."

"நீ நிப்பியா?"

துடுப்பு நின்றது. மாவு குப்புக் குப்பென்று கொதித்தது.

"இன்னைக்கு நிக்க மாட்டேன். ஒரு மாசம் அவரை எங்கிட்ட குடுத்தா நிப்பேன்" என்றாள். பிறகு மெதுவாக, "ஒரு நிமிஷம் நினைச்சேன் அக்கா. அவர் எறங்கி வந்தப்ப முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? செலா பொறந்த அன்னைக்கு இருந்த மாதிரி. போட்டுடலாம்னு கை போச்சு. அப்புறம் அந்தப் பூட்டு மாட்டற பசங்க ஞாபகம் வந்துச்சு. அவனுங்களும் எங்கிட்ட படிச்சவனுங்கதான். குனிஞ்சா பயப்படாதேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப நீ பண்ணது சரிதானே?"

"வேலையில சரி. வீட்டுல சரியான்னு எனக்குத் தெரியல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒடோய் மரத்தடியில் ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். லமிசி வந்தாள். புதுச் செருப்பு, கையில் கால் கட்டின ஒரு கினிக்கோழி. உயிருள்ளது, புள்ளிப் புள்ளியாக, கத்திக்கொண்டே இருந்தது. தேறினவள், தேறாதவன் வீட்டுக்கு வந்து நிற்கிறாள். எசினம் குழாயடியிலிருந்து, "வா லமிசி" என்றாள்.

"மேடம், கோச்சுக்காதீங்க. இது உங்களுக்கு இல்ல" என்றாள் லமிசி. நேராக மரத்தடிக்குப் போய்க் கோழியை ஒடோய் முன்னால் நீட்டினாள். "இது அண்ணனுக்கு. ஊருல எங்கப்பா சொல்லி அனுப்பினார், உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவருக்குக் கோழி குடுக்காம மொத சம்பளத்தைத் தொடாதேன்னு."

ஒடோய் கோழியை வாங்கவில்லை. "நான் என்னத்தைச் சொல்லிக் குடுத்தேன்? உன் மேடம் அங்க இருக்கா, அவகிட்ட குடு."

"டிரெய்லர் யாரு சொல்லிக் குடுத்தது? மறந்துட்டீங்களாண்ணே? மொத நாளு, காலி மைதானத்துல ஓட்டிட்டு இருக்கேன். திடீர்னு நிறுத்துன்னு கத்துனீங்க. ஒண்ணுமே இல்லையேண்ணேன்னு நான் ஓட்டிட்டே போயிட்டேன். என்ன பண்ணீங்க? வண்டியை விட்டு எறக்கிவிட்டு, வாசல் கேட்டு வரைக்கும் வெயில்ல நடந்து போடின்னு துரத்துனீங்க."

குழாயடியில் எசினம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

லமிசி எதையும் கவனிக்காமல், சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "'ஏன்னு நின்ன பிறகு கேளு'ன்னு சொன்னீங்கண்ணே. அதை நான் இன்னும் மறக்கல. அன்னைக்குக் கிரேன்ல மேடம் நிறுத்துன்னு சொன்னப்ப எனக்கு மேடம் குரலே கேக்கல. உங்க குரல்தான் கேட்டுச்சு. டக்குனு நிறுத்திட்டேன். அதனாலதான் பாஸ் ஆனேன்."

நான் ஒடோயைப் பார்த்தேன். அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர். அதைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான், குழாயடியில் குலுங்குகிற அந்த முதுகைப் பார்த்தான். முதலில் அவன் தோள் அசைந்தது. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. வாரக்கணக்கில் நாங்கள் கேட்காத சிரிப்பு. தகரம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து சரிந்து மரத்தைப் பிடித்துக்கொண்டான். எசினமும் அதற்கு மேல் அடக்க முடியாமல் குழாய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். லமிசி பாவம், என்ன சொல்லிவிட்டோம் என்று என்னைப் பார்த்தாள்.

"நல்லதைத்தான் சொல்லியிருக்கே, நீ உக்காரு" என்றேன்.

இந்தக் கலவரத்தில் கோழியின் கட்டு அவிழ்ந்துவிட்டது. அது அலறிக்கொண்டு முற்றத்தைச் சுற்ற, ஒடோய் பின்னாலேயே ஓடினான். என் மாவுப் பானையை நோக்கி அவன் வருவதைப் பார்த்து செலா, "நிறுத்துப்பா!" என்று வீறிட்டாள். ஒடோய் போட்ட காலை அப்படியே நிறுத்தி நின்றான். கோழி கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நின்னுட்டேன். இப்ப ஏன்னு கேக்கலாமா?" என்றான் மகளிடம்.

"கென்கே மாவு!"

திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் கால் பானைக்குள். என் மறுநாள் பிழைப்பு அதில்தான் இருந்தது.

கோழியைப் பிடிக்கப் பக்கத்து முற்றத்து ஆட்களும் ஏணியும் தேவைப்பட்டன. எசினம் அதை நிலக்கடலை போட்டுக் குழம்பு வைத்தாள். லமிசியை இருக்கச் சொல்லிச் சாப்பிடவைத்தாள். எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகும் ஒடோய் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான். செலாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவளை அனுப்பாமல், தானே எழுந்து அடுப்படிக்குப் போனான்.

"எனக்குக் கழுத்து வேணும்" என்றான்.

"கழுத்தை லமிசிக்கு வெச்சிட்டேன். உனக்குக் கால் இருக்கு."

"சரி, கால் குடு." தட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே குந்தினான். "நாளையிலேர்ந்து என்னை மேல ஏத்து, எசினம். மொதல்லேர்ந்து. பயிற்சிக்கு வெச்சிருக்கிற பொம்மைக் கூண்டுலேர்ந்து வேணும்னாலும் சரி."

"நான் சொல்லிக் குடுக்கறேன். பரீட்சை குவேய்தான் வைப்பார்."

"அதுவும் சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவன் காலைக் கடித்தான். நானும் என் அறை ரேடியோவைச் சத்தம் கூட்டினேன்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு பயிற்சி. கீழே எசினம், மேலே ஒடோய். எப்படிப் போகிறது என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்வார்கள்.

"நிக்கிறார் அக்கா. ஆனா முணுமுணுத்துக்கிட்டே நிக்கிறார். வாக்கி-டாக்கியில எல்லாம் கேக்குது. கீழ பசங்க சிரிக்கிறாங்க."

"முணுமுணுக்கிறப்ப பட்டனை விட்டுடணும்னு அவ சொல்லிக் குடுக்கலையே அக்கா. அது டிரெய்னரோட தப்பு."

டாகோராடியிலிருந்து குவேய் வந்து பரீட்சை வைத்த அன்று எசினம் வேலைக்குப் போகவில்லை. துறைமுகத்துக்குள் இருந்தால் கால் தானாகக் கிரேனடிக்குப் போய்விடும் என்றாள். என்னோடு கென்கே சுற்ற உட்கார்ந்தாள். மாவை உருட்டிச் சோளத்தோலில் வைத்து, மடித்துத் திருகி, நுனியைச் சொருக வேண்டும். சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. அவள் சுற்றினதெல்லாம் பல்லிளித்தது.

"இதைப் பானையில போட்டா கஞ்சிதான் வரும். நிறுத்து, நீ நிறுத்து. போய்த் தோலை மட்டும் எடுத்துக் குடு" என்று நானே அவளை விரட்டினேன்.

பானை கொதித்து, மூடியிட்ட சாக்கு வழியாக ஆவி வருகிற நேரத்துக்கு ஒடோய் வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். காது, கழுத்து எல்லாம் கழுவினான். எசினம் அவனையே பார்த்தபடி கையிலிருந்த சோளத்தோலை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"குவேய் நிறுத்துன்னு சொல்லவே இல்ல" என்றான் ஒடோய்.

"என்னது?"

"சொல்லவே இல்ல. இதோ சொல்லுவார், இதோ சொல்லுவார்னு காத்துக்கிட்டே எறக்குறேன். மனுஷன் வாயே தொறக்கல. பெட்டி ஒரு விரல் தள்ளி உக்காந்துச்சு."

"ஒரு விரலா?"

"ஒரு விரல். திரும்பத் தூக்கிச் சரியா வெச்சேன்."

"அப்புறம்?"

"தேறிட்டேன்."

எசினம் கிழித்த நாரையெல்லாம் மடியிலிருந்து தட்டிவிட்டாள். எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் தள்ளிப் போச்சு? வலது கையை இறுக்கிப் பிடிச்சிருப்பே" என்றாள்.

"ஆமா."

"அதை நாளைக்குச் சரி பண்ணிடலாம்" என்றாள். அவன் ஈரக் கையோடு அவள் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான்.

அவன் தனியாகக் கிரேன் ஏறின முதல் நாள் டெடே மறுபடியும் வந்தாள். நல்ல துணி உடுத்தி, தலைக்குப் பெரிய கட்டுக் கட்டி, ஆனால் அந்த மீன் கூடையை மட்டும் விடாமல். "வாடி குவார்லே, கடையை உதவிக்கு இருக்கிற பொண்ணுங்க பாத்துக்கட்டும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். டிரோட்ரோ என்கிற ஷேர் வேன் பிடித்துத் துறைமுகத்து மதில் ஓரமாக இறங்கினோம். உள்ளே விடமாட்டார்கள். மதிலுக்கு மேலே பெட்டிகள் மலைமலையாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கும் மேலே கிரேன்கள் போய் வந்துகொண்டிருந்தன.

"அதோ! அதுதான் என் தம்பி" என்று டெடே ஒன்றைக் காட்டினாள்.

ஒடோயின் கிரேன் பின்பக்கம், கிடங்குகளுக்கு அந்தண்டை, சாலையிலிருந்து தெரியாது என்று எசினம் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் அவள் காட்டின பக்கமே பார்த்தேன்.

ஆரஞ்சுப் பழம் சீவி விற்கிற ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். டெடே அவளைப் பிடித்துக்கொண்டாள். "பாரு, அந்த மஞ்சக் கிரேன்ல இருக்கிறது என் கூடப் பொறந்தவன்."

"அவ்வளவு உசரத்துல பயமா இருக்காதா அக்கா?"

"என்ன பயம்? அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு தெரியுமா? என் தம்பி பொண்டாட்டி. ஏவேப் பொண்ணு. சும்மா பாஸ் போடற ஆளு இல்ல அவ. சொந்தப் புருஷனையே மொத தடவை ஃபெயில் ஆக்கினவ! மேனேஜரு கெஞ்சினான், நானே நேர்ல போய்ச் சத்தம் போட்டேன், அசையலையே. அவ கைப்பட்டுத் தேறுனான்னா, நீ உன் கொழந்தையை அந்தப் பெட்டிக்கு அடியில தூங்க வைக்கலாம்."

ஆரஞ்சுக்காரி வாயில் கை வைத்தாள். போகிற வருகிற இரண்டு பேரும் நின்றார்கள். டெடே அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

மேலே அந்த மஞ்சள் கிரேன் ஒரு சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆட்டமில்லாமல் வந்தது. இறங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. பிறகு சத்தமேயில்லாமல் மற்றதன்மேல் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா!" என்று டெடே கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

அந்தக் கூண்டில் யார் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் எசினத்திடம் படித்தவர்தான். நானும் கை தட்டினேன்.